பூசைக்குக் கொடுக்காத பேரு

நம்புதவங்க நம்புங்க, நான் சத்தியமாச் சொல்லுதேன். இது போன டிசம்பர் இருபத்தாறாம் தேதி, சங்கரன்கோவில்ல, பட்டப்பகல்ல நடந்தது.

ஜாய்ஸை எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும். சுனாமி வந்த அன்னைக்கு அவளுக்குப் பன்னிரண்டு வயசு. வேளாங்கண்ணிக் கடற்கரையில ஆறு வயசுத் தங்கச்சி அபிஷாவைக் கையில பிடிச்சிட்டு நின்னிருக்கா. தண்ணி இழுத்தப்ப கம்பத்தைப் பிடிக்க அந்தக் கையைத்தான் விட்டா. பிள்ளையை, பேரு தெரியாத பொணங்களோட ஒரே குழியில அடக்கிட்டாங்க. அடக்குன பிறகுதான் வீட்டாளுகளுக்குப் போட்டோவைக் காட்டுனாங்க. அதுல இருந்து வருசம் தவறாம, அந்தத் தேதி மாதா கோயில் பூசையில, செத்தவங்க பேரோட வாசிக்க அபிஷா பேரைக் கொடுத்துருவா. அவளால செய்ய முடிஞ்சது அது ஒன்னுதான்.

இந்தத் தடவை கொடுக்கல. அன்னைக்கு அவளோட ஃபேன்சி ஸ்டோர் திறப்பு. நல்ல காரியத்தன்னைக்குச் செத்த பிள்ள பேரு எதுக்கு, இருபத்தோரு வருசம் போதாதான்னு புருசன் சௌந்தரபாண்டியன் கேட்டான். பாவி மக, அவன் பேச்சைக் கேட்டு விட்டுட்டா.

காலை மணி 9.05. பத்து மணிக்குக் கோயில் சாமியார் கடையை மந்திரிச்சுத் திறந்துவைக்க வாராரு. புருசன் மாலை வாங்கப் போயிருந்தான். ஜாய்ஸ் தனியாக் கூட்டுதா. புதுத் தரையில மண்ணு. கருப்பா, ஈரமா, கடல் மண்ணு. அள்ளி வெளிய போட்டுட்டுத் திரும்புனா...

மறுபடியும் மண்ணு.

9.12. அந்தக் கடைக்கு இன்னும் பைப் கனெக்‌ஷனே கொடுக்கல. ஆனா உள்ள தண்ணிச் சத்தம். சளக்... சளக்...

9.17. அவ வலது கைக்குள்ள ஒரு சின்னக் கை. ஈரமா, சில்லுன்னு. ஆளைக் காணோம்.

ஜாய்ஸ் உயிரைக் கொடுத்துப் பிடிச்சா.

"அபி... அக்கா விடமாட்டேன்."

ஒரு விரல் நழுவுச்சு.

ரெண்டாவது...

அவளால ஒன்னும் செய்ய முடியல.

9.20. கை காலி.

பத்து மணிக்குச் சாமியாரோட, கோயில் வேலை பார்க்கிற தங்கப்பழம் அண்ணாச்சியும் வந்தாரு. காலைப் பூசையில எல்லாப் பேரையும் வாசிச்சாச்சும்மான்னாரு. எந்தப் பேரு? அவதான் கொடுக்கவே இல்லையே.

ஆறு மணிப் பூசைக்கு முன்னால ஒரு சின்னப் பிள்ளை வந்து சீட்டு கொடுத்துச்சாம். தலையெல்லாம் ஈரம். ஒத்தைக் கால்ல மட்டும் செருப்பு.

"நீ அனுப்புன பிள்ளைன்னுல்லா நினைச்சேன்."

சீட்டை வாங்கிப் பார்த்தா. நனைஞ்ச தாள். ஒன்னாங்கிளாஸ் பிள்ளை எழுத்து. முதல்ல அபிஷா. அதுக்குக் கீழ பதினாலு பேரு. அதுல ஒருத்தரையும் ஜாய்ஸுக்குத் தெரியாது. ஊரெல்லாம் விசாரிச்சும் பார்த்தாச்சு, யாருக்கும் தெரியல.

கடைசியா ஒரு வரி இருந்துச்சு.

"பக்கத்துல இன்னும் ஆள் இருக்கு. பேரு கேட்டுச் சொல்லுதேன்."