கப்பல் விட்டுவிட்டுப் போன கப்பலத்தை

கப்பலத்தை தன் முதல் கப்பல் பயணம் முடிந்து கரை இறங்கியது பூப்போட்ட நைட்டியில். கடைசி நாள் மாலை பெட்டியைக் கட்டி அறைக்கு வெளியே வைத்துவிட்டால் கப்பல்காரர்களே கரையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அவளும் சொன்னதைச் சொன்னபடி செய்தாள். செருப்பு உட்பட எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டாள். காலையில் எழுந்து பார்த்தால் அவளுக்கென்று மிஞ்சியிருந்தது உடம்பில் கிடந்த நைட்டியும் ஒரு கைப்பையும்தான். அதற்காக உட்கார்ந்து அழவில்லை. கப்பலில் கொடுத்த வெள்ளைத் துணிச் செருப்பை மாட்டிக்கொண்டு, ஊர்ப்பட்ட கூட்டத்துக்கு நடுவே மகாராணி மாதிரி இறங்கி வந்தாள். சுங்க அதிகாரி ஏற இறங்கப் பார்த்திருக்கிறார். “என்ன சார் பாக்கறீங்க? எங்க பக்கம் இதான் ஃபேஷன்” என்றாளாம்.

இந்தக் கதையை அவளே எல்லோரிடமும் சொல்வாள். சொல்லி முடித்ததும் ஆள்காட்டி விரலை நீட்டுவாள். “கடைசி நாள் பெட்டி கட்டறதுக்கு முன்னாடி, மறுநாள் போட்டுக்க வேண்டியதை எடுத்து நாற்காலி மேல போடு. உள்பாவாடையிலேர்ந்து செருப்பு வரைக்கும். அப்புறம்தான் மத்ததெல்லாம்.”

அவளுடைய பிழைப்பு டிரை கிளீனிங் கடை. கண்ணாடிக் கதவைத் தள்ளினால் ஆவியும் மருந்து வாடையும் முகத்தில் அடிக்கும். முன்னால் ஒரு மேசை, பின்னால் இயந்திரங்கள், தலைக்கு மேலே பிளாஸ்டிக் உறைக்குள் வரிசையாகக் கோட்டுகள். கடையைத் தொடங்கியவர் கணவர். ஒருநாள் வெளுத்த கோட்டை ஒரு வாடிக்கைக்காரி வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போனவர், அந்த வீட்டிலேயே நின்றுவிட்டார். “போனது போகட்டும், அந்த ஹேங்கரையாவது திருப்பி அனுப்பியிருக்கலாம்” என்பதோடு அவள் அந்த விஷயத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு சலவை மருந்து விற்கும் கம்பெனி ஒன்று நடத்திய குலுக்கலில் இருவர் போய்வரக் கப்பல் பயணம் விழுந்தது. ஒருத்தியாகப் போய் இரண்டு கட்டிலிலும் மாறி மாறிப் படுத்துவிட்டு வந்தாள். பைத்தியம் பிடித்துக்கொண்டது. வருஷம் தவறாமல் கப்பல். அண்ணன் பிள்ளைகள் கப்பல் அத்தை என்பதைச் சுருக்கிக் கப்பலத்தை என்று பெயர் வைத்தார்கள். தெருவும் அதையே பிடித்துக்கொண்டது.

கடைக்கு வருகிறவர்கள் துணியை வாங்கிக்கொண்டு சும்மா போய்விட முடியாது. “இந்தக் கறை போகுமா?” என்று கேட்டால், “போகும். நீங்க கப்பல்ல போயிருக்கீங்களா?” என்று ஆரம்பிப்பாள். கப்பல் கிளம்புகிற ஊருக்கு முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிட வேண்டும், விமானம் தாமதமானால் கடலில் நீந்தியா பிடிக்க முடியும்? துறைமுகத்தில் கொடுக்கிற பெட்டி சாயங்காலம்தான் அறைக்கு வரும், அதனால் மாத்திரையும் மாற்றுத் துணியும் கைப்பையில் இருக்க வேண்டும். முதல் நாள் எல்லோரும் மேல் தளத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் முட்டி மோதுவார்கள். கீழே இன்னொரு கூடம் ஈ ஓட்டிக்கொண்டு கிடக்கும், அங்கே போய் உட்கார்ந்தால் கேட்டது வரும். அறைச் சுவரெல்லாம் இரும்பு, காந்தக் கொக்கி நாலு கொண்டுபோனால் துண்டு, தொப்பி எல்லாவற்றையும் மாட்டலாம். கரை விட்டதும் வெளிநாட்டு இணைப்பை நிறுத்திப் போனின் வாயைக் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பில்லைப் பார்த்து நெஞ்சு வலி வரும். அவசரமாக வந்த ஆள் கோட்டோடும் இத்தனையோடும் வெளியே போவார்.

இப்படியிருக்கையில் அண்ணன் ஒருநாள் கடைக்கு வந்தார். கையில் நேற்றுத்தான் வெளுத்துக் கொடுத்த கோட்டு.

“இது சுத்தமாத்தானேண்ணா இருக்கு?”

“தெரியும். வீட்டை விட்டு வெளிய வர ஒரு சாக்கு வேணாமா?” என்று நாற்காலியில் சரிந்தார். அண்ணி பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். ஏறினால் பஸ்ஸே மூச்சுவிடாது. போன மாதம் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருந்தாள். “பரிசோதிக்க இப்ப நான் ஒருத்தன்தான் இருக்கேன். ஃபிரிட்ஜைத் திறந்தா எதுக்குத் திறந்தேன்னு கேக்கறா. குளிச்சிட்டு வந்தா சோப்பைப் போய்ப் பாக்கறா. உனக்குப் புண்ணியமாப் போகும், இவளைக் கப்பல்ல எங்கயாவது கூட்டிட்டுப் போ.”

“நீங்களும் வாங்கண்ணா.”

“நானா? எனக்குத் தண்ணின்னா பயம்” என்று அவசரமாக எழுந்தார். வாரத்துக்கு மூன்று நாள் நீச்சல் குளத்துக்குப் போகிற மனிதர்.

அண்ணி வருவதற்கு ஒப்புக்கொண்டாள். ஆனால் அறையைத் தானேதான் தேர்ந்தெடுப்பேன் என்றாள்.

“அண்ணி, கீழ்த்தளத்துல நடுவுல எடுங்க. ஆட்டம் தெரியாது. மேலயும் கீழயும் அறைங்கதானான்னு படத்தைப் பாத்துக்கங்க.”

“போம்மா. பணம் குடுத்துட்டு பாதாளத்துல படுக்கறதா? உச்சியில, முன்னாடி, பால்கனியோட. நான் இருக்கிற இடம் பாக்கறவனுக்குத் தெரியணும்.”

அண்ணி மூன்று பெட்டி கொண்டுவந்தாள். கப்பல் ஏறுகிற வரிசையில் நிற்கும்போதே பழக்க தோஷம். முன்னால் நின்ற தம்பதியின் சீட்டை எட்டிப் பார்த்து, “உங்களுக்கு அடுத்த வரிசை” என்று அனுப்பி வைத்தாள். அவர்களும் மறுபேச்சுப் பேசாமல் போனார்கள். அது உண்மையிலேயே அடுத்த வரிசைதான் என்பது பிறகு தெரிந்தது.

உச்சியில், முன்னாடி, பால்கனியோடு இருந்த அறைக்கு நேர் மேலே ஓட்டப் பயிற்சிக்கான பாதை. விடியும் முன்பே தடதடவென்று தலைக்கு மேல் ஆட்கள் ஓட ஆரம்பித்தார்கள். அதைத் திட்ட அண்ணி வாயைத் திறந்தபோது கடல் கொந்தளித்தது. திறந்த வாய் வேறு வேலைக்குப் போய்விட்டது. குளியலறைக் கதவைப் பிடித்தபடி, “உங்க அண்ணன் என்னைக் கொல்லத்தான் அனுப்பியிருக்காரு” என்றாள்.

கப்பலத்தை அவளைக் கட்டிலில் படுக்க விடவில்லை. கைத்தாங்கலாக நடுத்தளத்துக்கு இறக்கிக்கொண்டு போய், காற்றுப் படுகிற நாற்காலியில் உட்கார வைத்து, பச்சை ஆப்பிளை நறுக்கிக் கொடுத்தாள். “கடலும் வானமும் சேர்ற கோட்டையே பாருங்க. வேற எதையும் பாக்காதீங்க.”

“அந்தக் கோடும் ஆடுதும்மா.”

“ஆடட்டும். நீங்க மெல்லுங்க.”

மதியத்துக்குள் அண்ணி தெளிந்தாள். தெளிந்ததும் வரவேற்பு மேசைக்குப் போய், ஓட்டக்காரர்கள் விடிந்த பிறகு ஓட வேண்டும் என்று சட்டம் போடச் சொன்னாள். சட்டம் போடவில்லை. ஆனால் சீட்டாடுகிற கூட்டம் ஒன்று எங்கே இருக்கிறது என்று காட்டினார்கள். ஓய்வு பெற்ற தபால்காரர், மீன் வியாபாரி, இரட்டைச் சகோதரிகள் இருவர். அன்று சாயங்காலத்துக்குள் அந்த மேசையில் அண்ணி அனுமதியில்லாமல் யாரும் சீட்டைத் தொட முடியாது என்கிற நிலைமை வந்தது.

முதல் துறைமுகத்தில் கப்பலத்தை அண்ணிக்குத் தனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்றைக் காட்டினாள். கப்பல் கிளம்புகிற நேரம் மேல்தளத்துக் கம்பியோரம் காப்பியோடு நின்றால், தாமதமாக வருகிறவர்கள் பைகளோடு தலைதெறிக்க ஓடிவருவதைப் பார்க்கலாம். பெரிய ஓலைத்தொப்பி போட்ட ஒருவர் தொப்பியைத் துரத்துவதா கப்பலைத் துரத்துவதா என்று தவித்தபோது இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

“ஏறிட்டாரு, பாவம்” என்றாள் அண்ணி.

“பாவமாவது! கப்பல்காரங்களே கூட்டிட்டுப் போற சுற்றுலாவுல போனா காத்திருப்பாங்க. தனியாப் போனா யாருக்காகவும் நிக்காது. இது தெரியாதவங்கல்லாம் எதுக்குக் கப்பல்ல வர்றாங்க?”

அடுத்த துறைமுகத்தில் அண்ணிக்குச் சீட்டை விட்டு வர மனமில்லை. கப்பலத்தை தனியாக இறங்கினாள். அழகான ஊர். படிக்கட்டுத் தெருக்கள், நீலக் கதவுகள், ஒரு கோட்டை. எதையும் அவள் பார்க்கவில்லை. இரண்டாவது தெருவிலேயே பழகின ஆவி வாடை மூக்கில் ஏறியது. திரும்பினால் ஒரு டிரை கிளீனிங் கடை.

உள்ளே மீசைக்காரர் ஒருவர் வெள்ளைக் கல்யாண கவுனை மேசையில் விரித்திருந்தார். நெஞ்சுப் பகுதியில் சிவப்பு ஒயின் கொட்டிய கறை. பக்கத்தில் மணப்பெண்ணின் அம்மா கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு நின்றாள். மீசைக்காரர் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கினார். கறையில் சூடு பட்டால் ஜென்மத்துக்கும் போகாது. கப்பலத்தை பாய்ந்துபோய் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

அவர் தன் மொழியில் கத்தினார். இவள் தமிழில் கத்தினாள். பெண்ணின் அம்மாவுக்கு இரண்டும் சேர்ந்து என்ன புரிந்ததோ, கவுனை இவள் பக்கம் தள்ளினாள். கப்பலத்தை மேசைக்குப் பின்னால் போய், புட்டிகளை முகர்ந்து பார்த்து ஒன்றை எடுத்து, துணியால் ஒற்றி ஒற்றிக் கறையை எடுத்தாள். கறை போனது. அந்த இடத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு நீர் வளையம் வந்து உட்கார்ந்தது.

மீசைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் வினை. வளையத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனால் தொழிலுக்கே அவமானம். ஓரத்திலிருந்து உள்பக்கமாக ஈரத்துணியால் துரத்தினாள். வளையம் சுருங்கி இன்னோர் இடத்தில் எழுந்தது. அங்கே துரத்தினாள். சுவரில் கடிகாரம் இருந்தது. அவள் பார்த்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கடைசியில் வளையம் போய், பெண்ணின் அம்மா கட்டிப்பிடித்து அழுது, மீசைக்காரரே கேக் வெட்டிக் கொடுத்தபோது துறைமுகத்தில் சங்கு ஊதியது.

கையில் கேக்கோடு ஓடினாள். படிக்கட்டு மேடை தூக்கப்பட்டிருந்தது. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனது. மேல்தளத்தில் காப்பிக் கோப்பைகளோடு ஒரு கூட்டம் கைதட்டியது. போனை வெளியே எடுத்தாள். அவளே வாயைக் கட்டி வைத்திருந்த போன். அவிழ்த்தாலும் பயனில்லை, அண்ணியின் போனும் அவள் கட்டி வைத்ததுதான். உச்சியில், முன்னாடி, பால்கனியில் ஓர் உருவம் இரண்டு கையையும் வீசிக் கத்தியது. என்ன கத்துகிறது என்று கேட்கவில்லை. கேட்காததே நல்லது என்று நினைத்துக்கொண்டாள். அப்படியே கப்பல் கயிறு கட்டுகிற குட்டை இரும்புத் தூண் ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். கேக்கைத் தின்றாள். தின்னும்போதுதான் அழுகை வந்தது. இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு கடையில் வாய் திறப்பது?

சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் அவள் பெயரைச் சொல்லித் தேடிக்கொண்டு வந்தார். கப்பல் கம்பெனிக்குத் துறைமுகத்தில் இருக்கிற ஆள். கப்பலில் ஒரு அம்மா, நேரம் நெருங்குகிறது, ஆள் வரவில்லை என்று தெரிந்ததும் அதிகாரிகளை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாராம். கப்பல் நிற்காது என்று ஆனதும் அறைப் பெட்டகத்தைத் திறக்க வைத்து, பாஸ்போர்ட்டை எடுத்து, ஒரு பையோடு கரைக்கு அனுப்பியிருந்தாராம். பைக்குள் பாஸ்போர்ட், ரத்த அழுத்த மாத்திரை, சால்வை, மாற்று உடை ஒரு ஜோடி, கூடவே உள்பாவாடை, செருப்பு. எதுவும் விட்டுப்போகவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு கப்பலத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, மறுபடியும் உள்ளே அடுக்கினாள்.

அன்றிரவு பெண் வீட்டார் படுக்க இடம் கொடுத்தார்கள். மறுநாள் பஸ், அதற்கப்புறம் கோழிக்கூண்டுகளோடு ஒரு படகு. அதற்கும் அடுத்த நாள் மூன்றாவது துறைமுகத்தில் போய் நின்றாள். ஏறுகிற இடத்தில், அதிகாரிக்கும் முன்னால் அண்ணி.

“டிக்கெட்?” என்று கையை நீட்டினாள்.

“அண்ணி...”

“டிக்கெட் இல்லாம எத்தனையோ பேரை இறக்கி விட்டிருக்கேன். டிக்கெட் இருந்தும் இறங்கிப் போன ஆளை இப்பத்தான் பாக்கறேன்.” முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். “ஒரு பொட்டுத் தூக்கம் இல்லடி எனக்கு. உன்னை எங்கயோ தொலைச்சுட்டு வந்து உங்க அண்ணன்கிட்ட நான் என்னன்னு சொல்றது?”

இத்தனை வருஷத்தில் அண்ணி அவளை ‘டி’ போட்டுப் பேசியதில்லை. கப்பலத்தைக்கு அந்த அடி வலிக்கவேயில்லை. பின்னால் நின்ற தபால்காரரும் மீன் வியாபாரியும் இரட்டைச் சகோதரிகளும் சீட்டுக்கட்டோடு வரவேற்புக் கொடுத்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பியபோது, இளைப்பாறித் தெளிந்திருந்த அண்ணன் கேட்டார். “பயணம் எப்படி இருந்தது?”

“நல்லா இருந்தது. உங்க தங்கச்சி நடுவுல கொஞ்ச தூரம் வேற வழியா வந்தா” என்று அண்ணி உள்ளே போய்விட்டாள்.

அவள் அவ்வளவு மறைத்தும் பயனில்லை. நல்ல கதையை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள கப்பலத்தைக்குத் தெரியாது. வாரம் முடிவதற்குள் தெரு முழுக்க அவளே சொல்லித் தீர்த்தாள்.

இப்போதெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை இருவரும் சேர்ந்துதான் போகிறார்கள். மற்ற நாட்களில் அண்ணி கடை மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் புத்தி சொல்கிறாள். வீட்டில் அண்ணன் இஷ்டத்துக்கு ஃபிரிட்ஜைத் திறக்கிறார். போன வாரம் புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று கோட்டு வாங்க வந்தது. தேன்நிலவுக்குக் கப்பலில் போகலாம் என்றிருக்கிறோம், எந்தப் பக்கம் அறை எடுக்கலாம் என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார்கள்.

“கீழ, நடுவுல” என்றாள் கப்பலத்தை.

“மேல, பால்கனியோட” என்றாள் அண்ணி.

“உங்களுக்கு வாந்தி வந்தது மறந்து போச்சா அண்ணி?”

“வந்தது, போச்சு. பால்கனி இல்லாம நீ கரையில நின்னதை நான் எங்கேர்ந்து பாத்திருப்பேன்?”

சண்டை வலுத்து இருவரும் மூச்சு வாங்க நிமிர்ந்தபோது மேசை முன்னால் யாரும் இல்லை. அந்த ஜோடி ரயிலில் போனதாகக் கேள்வி.