பகலில் தூங்கத் தகுந்த வீடு

வீடு விலைக்குப் பார்க்கப் போன இடத்தில், ஒரு பாய் இருந்தால் கொடுங்கள், இவர் அரைமணி நேரம் படுத்துப் பார்க்கட்டும் என்று கேட்டவள் நெய்வேலியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கேட்க எனக்கு ஒன்றும் வெட்கமாக இல்லை. செருப்பு வாங்கினால்கூட நாலு எட்டு நடந்து பார்த்துத்தான் வாங்குகிறோம். வீட்டை மட்டும் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வாங்கிவிட வேண்டுமா?

என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் முப்பத்து மூன்று வருஷம் ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸை ஒப்படைக்க வேண்டும். அது இங்கே எல்லோருக்கும் உள்ளதுதான். அதற்குள் சொந்தமாக ஒரு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்று தைரியமாகத்தான் இருந்தேன். ஆனால் ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து மனுஷனுக்குத் தூக்கம் போய்விட்டது. ராத்திரியெல்லாம் புரண்டு படுப்பார். காலையில் கண் சிவந்து, கையில் காப்பியை வைத்துக்கொண்டு குடிக்க மறந்து உட்கார்ந்திருப்பார். மூன்று மாதத்தில் சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. டாக்டரிடம் அழைத்துப்போனேன். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், எப்படியும் வேறு வீடு போகப்போகிறீர்கள், நல்ல அமைதியான இடமாகப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். அன்றைக்கே முடிவு செய்தேன். எந்த வீட்டில் இந்த மனுஷன் தூங்குகிறாரோ அதுதான் எங்கள் வீடு.

அமைதியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் உத்தியோகமே அதுதான். நைட் ஷிஃப்ட் வாரத்தில் அவர் காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவார். குளித்து, சாப்பிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அதோடு எங்கள் வீட்டில் ஊரடங்குதான். குக்கர் விசில் கூடாது என்பதால் சோற்றைப் பானையில் வடித்தேன். மிக்ஸி கூடாது என்பதால் அம்மியில் அரைத்தேன். பிள்ளைகள் இரண்டும் பேச்சு வருவதற்கு முன்னாலேயே சைகை கற்றுக்கொண்டன. ‘நைட் ஷிஃப்ட். சத்தம் போடாதீர்கள்’ என்று ஓர் அட்டையில் சிவப்பு மையில் எழுதி கேட்டில் மாட்டியிருப்பேன். அதைப் பார்த்தால் கீரைக்காரம்மா கூவ மாட்டாள், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் உருட்டாமல் தூக்கி வருவார். அதையும் மீறி யாராவது பெல் அடித்தால் அவர்கள் பாடு அவ்வளவுதான். எதிர் வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள் ரேடியோவைச் சத்தமாக வைத்தபோது நான் போய் நின்ற நிலையைப் பார்த்து உடனே அணைத்தார்கள். அவர் தூங்கும் அறைக்குள் பகலில் நான் போனதே கிடையாது. கதவுக்கு வெளியே உட்கார்ந்து காய் நறுக்குவேன். பகல் ஷிஃப்ட் வாரத்தில் அலுத்து வந்து ராத்திரியில் ஓடு பிரியும்படி குறட்டை விடுகிற மனுஷனிடமிருந்து பகலில் ஒரு சத்தமும் வராது. பகல் தூக்கத்துக்குக் குறட்டை கிடையாது போலிருக்கிறது என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

வீடு பார்க்கக் கிளம்பியபோது ஒரு நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் முதல் வரி, சத்தம். அப்புறம்தான் தண்ணீர், சாக்கடை, மழைநீர் தேங்குமா, பத்திரம், வில்லங்கம், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், சுரங்கத்துக்காக நிலம் எடுக்கும் வரைபடத்தில் அந்த இடம் வருகிறதா என்பதெல்லாம். இவ்வளவு எழுதிக்கொண்டு போயும் முதல் வீட்டிலேயே மானம் போனது. குழாய் ஒன்று சொட்டியது. நான் தரகரிடம், இதற்கு கம்ப்ளெயிண்ட் எங்கே எழுத வேண்டும் என்று கேட்டேன். குவார்ட்டர்ஸில் முப்பது வருஷம் அப்படித்தானே. குழாய் சொட்டினாலும், ஜன்னல் கொக்கி கழன்றாலும் ஆபீஸில் போய் நோட்டில் எழுதிவிட்டு வந்தால் ஆள் வரும். தரகர் பக்கத்து ஊரான வடக்குத்தைச் சேர்ந்தவர், பொறுமைசாலி. தலையைச் சொறிந்தார்.

“யம்மா, இது சொந்த வூடு. கம்ப்ளெயிண்ட நீங்களே எழுதி, நீங்களே படிச்சிக்கினு, நீங்களே ஸ்பேனர் எடுத்துக்கினு வரணுங்க.”

என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்துப் பல நாளாகியிருந்தது. அதனால் நானும் கோபித்துக்கொள்ளவில்லை.

எனக்குப் பிடித்துப்போன வீடு வடக்குத்தில் ஒரு முந்திரித் தோப்புக்குப் பின்னால் இருந்தது. சத்தம் என்கிற பேச்சுக்கே இடமில்லை. கிணற்றுத் தண்ணீர் இனித்தது. பின்பக்கம் இரண்டு பலா. பத்திரம் சுத்தம். நோட்டில் எல்லா வரிக்கும் நேராக டிக் போட்டுக்கொண்டே வந்தேன். வீட்டுக்காரம்மாவிடம் பாய் கேட்டு வாங்கி, உள்ளறையில் அவரைப் படுக்கச் சொல்லிவிட்டு, நாங்கள் வெளியே வந்து நின்றோம். பழக்க தோஷம், தோப்புக்குள் கத்திய காக்கையைக்கூட விரட்டினேன். அரைமணி கழித்து அவர் எழுந்து வந்தார். நல்ல வீடு, காற்று நன்றாக வருகிறது என்றார். முகத்தைப் பார்த்தேன். தூங்கின முகமா அது? பாயில் ஒரு சுருக்கம்கூட இல்லை. புது இடம், நாலு நாள் போனால் பழகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் முன்பணம் கொடுக்கக் கை வரவில்லை.

அந்த வாரமே தரகர் வடலூரில் ஒரு வீடு இருக்கிறது என்று கூப்பிட்டார். ஊருக்கு நடு மத்தியில், பஸ் நிற்கும் இடத்துக்கு இரண்டு தெரு தள்ளி என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று மன்றாடினார். சரி, காய்கறியாவது வாங்கி வரலாம் என்று போனோம்.

போய்ப் பார்த்தால் கீழே மாவு மில். மேலே வீடு. எனக்குச் சிரிப்பதா, தரகரை அடிப்பதா என்று தெரியவில்லை. மில்லை நடத்துகிற அம்மாதான் வீட்டுக்கும் சொந்தக்காரி. மகனோடு திருப்பூர் போகப்போவதாகவும், வீட்டை விற்றுவிட்டு மில்லை மட்டும் தம்பிக்கு விடப்போவதாகவும் சொன்னாள். அவள் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. கீழே மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் பஸ்கள் ஹாரன் அடித்தன. காலடியில் தரை லேசாக அதிர்ந்தது. நோட்டில் முதல் வரிக்கு நேராகப் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

வந்ததற்கு மற்றதையும் பார்த்துவிடுவோம் என்று மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்தேன். சுவரில் ஓதம் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் சொல்ல முடியவில்லை, அதுவே எரிச்சலாக இருந்தது. இறங்கி வந்தால் கூடத்தில் தரகரும் வீட்டுக்காரம்மாவும் சிலைபோல நின்றுகொண்டிருந்தார்கள். தரகர் வாயில் விரல் வைத்து என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் வெறும் தரையில், காய்கறிப் பையைத் தலைக்கு வைத்து, ஒருக்களித்துப் படுத்திருந்தார். வாய் திறந்திருந்தது. குறட்டை. பகல் பதினொரு மணிக்கு, மில் சத்தத்தையும் மீறி, சுத்தமான குறட்டை.

நான் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் நீர் வந்தது. மிளகாய் நெடி என்று சொல்லிக்கொண்டேன். முக்கால் மணி நேரம் நாங்கள் மூன்று பேரும் அங்கேயே இருந்தோம். மில்லை நிறுத்தச் சொல்லவா என்று அந்த அம்மா ஜாடையில் கேட்டாள். பாவம், நல்ல மனசு. நான் பதில் சொல்வதற்குள் கரண்ட் போனது. மில் மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றது. அடுத்த நொடி என் வீட்டுக்காரர் விலுக்கென்று எழுந்து உட்கார்ந்தார்.

“என்ன ஆச்சு? பெல்ட் நின்னுடுச்சா?”

திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். நன்றாகத் தூங்கினீர்களே என்றேன். மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று மனசு அடங்கிவிடுகிறது, சத்தம் நின்றால்தான் ஏதோ கோளாறு என்று உடம்பு எழுந்துகொள்கிறது என்றார். சுரங்கத்தில் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் சாய்ந்தாலும், பெல்ட் ஓடுகிற சத்தத்தில் அப்படித்தான் தூங்குவாராம். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அப்ப இத்தனை வருஷம் நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து வீட்ல படுத்தீங்களே?”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“ஒரு நாளும் சரியாத் தூங்கினதில்ல. கண்ண மூடிக்கிட்டு சும்மா படுத்திருப்பேன். பஸ்ல வர்றப்பவே தூங்கிட்டு வந்துடுவேன்.”

“சொல்றதுக்கென்ன?”

“எப்படிச் சொல்றது? நீ எனக்காகத் தெருவையே நிறுத்தி வச்சிருந்த. புள்ளைங்க சைகையில பேசிச்சுங்க. அதுக்கு மேல எழுந்து வந்து தூக்கம் வரலன்னு சொன்னா, உனக்கு எப்படி இருக்கும்?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மியில் அரைத்து அரைத்து என் தோள்பட்டை போனது யாரால்? எதிர் வீட்டுக்காரியோடு நாலு வருஷம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தது எதற்கு? காக்கையைக்கூட விரட்டினேனே என்று பஸ் என்றும் பாராமல் பொரிந்து தள்ளினேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். இவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கதவுக்கு வெளியே சத்தம் வராமல் காய் நறுக்கிக்கொண்டு நான். உள்ளே தூக்கம் வராமல் தூங்குவதுபோல் அவர். முப்பது வருஷம் இப்படியே இருந்திருக்கிறோம். நினைக்க நினைக்கச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. இருவரும் சிரித்த சிரிப்பில் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய் இறங்கினோம்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடவில்லை. மற்ற வரிகள் பாக்கியிருந்தன. வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். நிலம் எடுக்கும் வரைபடத்தையும் விசாரித்தோம், அந்தத் தெரு அதில் வரவில்லை. மழை நாளாகப் பார்த்துக் குடையோடு போய் நின்றேன். எதிர் டீக்கடைக்காரரிடம் பெருமழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டபோது தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். மில்லின் வாசற்படி அதைவிட ஒரு முழம் உயரம். கட்டடத்தின் அஸ்திவாரம் மில் அதிர்வைத் தாங்குமா என்று ஒரு கொத்தனாரை அழைத்துவந்து காட்டினேன், தாங்கும் என்றார். ஆஸ்பத்திரியும் சந்தையும் நடக்கிற தூரம். தைப்பூசத்தன்று ஜோதி பார்க்க வருகிற கூட்டத்தில் தெருவில் கால் வைக்க முடியாது என்றார்கள். வருகிறவர்களுக்கு மோர் கொடுத்தால் போயிற்று. முதல் வரியில் போட்ட பெருக்கல் குறியை மட்டும் அடித்துவிட்டு டிக் போட்டேன்.

குடிவந்த அன்று ராத்திரியே, விடிய விடிய ஓடுகிற பஸ் சத்தத்தில் அவர் கட்டை மாதிரி தூங்கினார். இப்போது பகலிலும் ஒரு தூக்கம் உண்டு. முப்பது வருஷத்துப் பாக்கி என்கிறார். முதல் வாரத்தில் ஒருநாள், பத்து மணிக்கு மில் ஓடத் தொடங்கியதும் போய்ப் படுத்தார். நான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், பகலில் தூங்குகிற அவர் முகத்தை முதல் தடவையாக நின்று பார்த்தேன். குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அடுக்களைக்கு வந்து தேங்காய்ச் சட்னிக்கு எல்லாம் எடுத்து மிக்ஸியில் போட்டேன். மேடை ஒரு பக்கம் சரிவு, மிக்ஸி ஆடியது. அடியில் வைக்க எதையாவது தேடினால், பிரிக்காத பெட்டியில் அந்த அட்டை கிடைத்தது. நைட் ஷிஃப்ட். சத்தம் போடாதீர்கள். இரண்டாக மடித்து மிக்ஸிக்கு அடியில் செருகிவிட்டு, சுவிட்சைக் கடைசி வரைக்கும் திருப்பினேன். அறையிலிருந்து வந்த குறட்டை கொஞ்சமும் குறையவில்லை.