ஜபாரின் காற்றில்லாப் பைகள்

சீனி மூட்டையைக் கண்டால் ஜபார் முதலில் பார்ப்பது அதன் தையலை. ஒருதரம் பிரித்துத் திரும்பத் தைத்த மூட்டையில் நூல் பழைய துளைகளில் உட்காராது என்பது அவர் முடிவு. மருந்துக் கடையில் தந்த குளிசையை வீட்டில் கிடக்கும் பழைய குளிசையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குவார். பள்ளிவாசலில் எல்லோரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழும்பும்போது அவர் மட்டும் கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்ப்பார். யாரையும் வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை. பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருப்பார். கேட்டுச் சண்டை பிடித்தாலும் பரவாயில்லை என்று தோன்றும், அந்தப் பார்வைக்கு ஆளானவர்களுக்கு.

தொழில் கொடுத்த பழக்கம் என்று அவர் மனைவி அஸீஸா சொல்வாள். மன்னாரிலிருந்து தொண்ணூறில், போர்க்காலத்தில் முஸ்லிம் சனமெல்லாம் விரட்டப்பட்டு வந்தபோது ஜபாருக்கு இருபத்திரண்டு வயது. சில வருடம் கூலிவேலை செய்து, பிறகு பாலாவிப் பக்கத்து உப்பளம் ஒன்றில் காவல்காரராகச் சேர்ந்தார். பத்தொன்பது வருடம். பொழுது சாயும்போது ஒரு பால்மாத் தகரத்தின் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு உப்புக் குவியல்களைச் சுற்றி வருவார். ஒவ்வொரு குவியலின் அடியிலும் மூடியை அழுத்தி வட்டம் வட்டமாக அடையாளம் வைப்பார். விடிந்ததும் வட்டம் ஒன்று குலைந்திருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். இந்த முறையில் பத்தொன்பது வருடத்தில் பிடிபட்டது இரண்டு ஆள், ஒரு நாய். ஆனால் வட்டம் வைக்காத நாள் ஒன்றுகூட இல்லை.

முழங்கால் பழுதாகி வேலையை விட்டபின் இறைச்சி வாட்டத் தொடங்கினார். வீட்டுக்குப் பின்னால் ஒரு எண்ணெய் பீப்பாய். அதன் அடியில் வாய் வெட்டி, தேங்காய்ப் பொச்சுமட்டையைப் போட்டு நெருப்பெடுக்காமல் கனியவிடுவார். உப்பும் மிளகும் மஞ்சளும் பூசி ஒரு நாள் ஊறிய மாட்டிறைச்சியை வார் வாராகக் கம்பியில் கொளுவி உள்ளே தொங்கவிட்டால், ஆறு மணித்தியாலத்தில் கறுத்துச் சுருங்கி, தேன் பூசியதுபோல மினுங்கும். கடற்காற்று திரும்புகிற நாளில் புகை பக்கத்து வீடுகளுக்குள் போகும். யாரும் குறை சொன்னதில்லை. வாசம் அப்படி.

ஒரேயொரு கரைச்சல்தான் இருந்தது. வாட்டின இறைச்சி ஆளைக் காட்டாது. கறுத்து, புகை மணத்து, தசை எது நார் எது என்று தெரியாமல் கிடக்கும். காட்டுப் பக்கமிருந்து ஒளித்துக் கொண்டுவருகிற இறைச்சி விலைப்படுகிற ஊரில், இது மாடுதானா என்ற கேள்வி யாருடைய முகத்திலும் வரும். மற்றவர் சந்தேகத்தை மணந்து பிடிப்பதில் ஜபாரை விடக் கெட்டிக்காரர் யார்? ஒவ்வொரு பொதிக்குள்ளும் ஒரு விலா எலும்புத் துண்டை வைத்தார். தட்டையாக, அகலமாக, மாட்டினுடையது என்று பார்த்ததும் தெரிகிற துண்டு.

"எலும்பைக் கண்டாத்தான் சனத்துக்குத் தொண்டையில இறங்கும்" என்றார்.

சனம் அதை ஏற்றுக்கொண்டது. எலும்பு வைத்த பொதி என்று கேட்டே வாங்கினார்கள்.

மகள் ஃபஸ்னாவைக் கற்பிட்டி நஜாத்துக்குக் கட்டிக்கொடுத்து இரண்டு வருடம். வீட்டோடு வந்த மாப்பிள்ளை. கட்டாரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் நாலு வருடம் நின்றவன். வரும்போது ஒரு மிசின் கொண்டுவந்திருந்தான். பையின் வாயை அதற்குள் கொடுத்து மூடியை அமத்தினால் உர்ரென்று காற்றை உறிஞ்சும். பை சுருங்கிச் சுருங்கி, குளிரில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிற ஆளைப்போல இறைச்சியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒரு சூட்டுக் கம்பி வாயை ஒட்டிவிடும்.

"உள்ள காத்து இல்லையெண்டு எப்படித் தெரியும், மருமகன்?"

"அமத்திப் பாருங்க மாமா. கல்லு மாதிரி இருக்கும். இருந்தாலும் வெளியில வைக்க ஏலாது. ஃப்ரீசர்லதான் வைக்கோணும்."

ஜபார் அமத்திப் பார்த்தார். அன்றைக்கு ஒட்டிய முப்பது பையையும் ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தார்.

ஒரு கிழமைக்குள் பழுதாகிற சாமான் இப்போது மாதக் கணக்கில் நின்றது. வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனார்கள். ஒன்றரை வருடம் நன்றாகத்தான் ஓடியது. போன ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த பிறகு நிஸ்ரின் டீச்சரின் குரல் அஸீஸாவின் போனில் வந்தது. வாங்கின மூன்று பையில் ஒன்று காற்றுப் புகுந்து தொளதொளவென்று கிடக்கிறது, திறந்தால் புளித்த மணம், பொறாமல் சொல்லுறன் என்று நினைக்க வேணாம் என்றார்.

ஜபார் ஃப்ரீசரைத் திறந்தார். நாற்பது பையில் ஏழு தொளதொளத்திருந்தன. அடுத்த முறை ஒட்டியதில் நாலு. பதினொன்றையும் ஒரு கூடையில் போட்டு ஃப்ரீசரின் மூலையில் ஒதுக்கி வைத்தார். அவர் மிசினைப் பார்க்கவில்லை. பையைப் பார்க்கவில்லை. மருமகனைப் பார்த்தார்.

பார்க்கப் பார்க்கப் பலதும் தெரியத் தொடங்கியது. நஜாத் சாப்பிடும்போது போனைக் கவிழ்த்து வைக்கிறான். பாலாவிச் சந்தியில் இறைச்சிக் கடை மஸாஹிரோடு நின்று கதைக்கிறான். ஜபாரின் சைக்கிள் நெருங்கியதும் இரண்டு பேரும் லொறி போவதைப் பார்க்கிறார்கள். அங்கே எத்தனையோ லொறி போகிறது. அன்றைக்கு மட்டும் அதில் என்ன பார்க்க இருந்தது?

மஸாஹிருக்கு வாட்டின இறைச்சி வியாபாரத்தில் கண் இருந்தது ஊருக்கே தெரியும். ஜபாரின் பெயரைக் கெடுத்துவிட்டால் போதும். கெடுக்க ஒரு கை வேண்டும். பையை ஒட்டுகிற கையை விட வசதியான கை எது?

ஒரு நாள் ஃப்ரீசர் மூடியில் மெல்லிசாகக் கோதுமை மாவைத் தூவி வைத்தார். காலையில் அதில் ஐந்து விரலும் தெளிவாகப் பதிந்திருந்தன. குனிந்து பார்த்தால் மோதிர விரலில் வளையத்தின் தடம். அஸீஸா மீன் எடுத்திருக்கிறாள்.

"மா ஏன் மூடியில கிடக்கு?" என்று அவளே கேட்டாள்.

"பூனை தட்டியிருக்கும்."

"பூனை மாவையும் அரிச்சுத்தான் கொட்டினதோ?"

ஜபார் முற்றத்துக்குப் போய்விட்டார்.

கடைசியில் ஃபஸ்னாவின் அலுமாரிக் கண்ணாடியோரம் அவர் கண் போனது. முந்தானைக்குக் குத்துகிற ஊசிகள் அங்கே ஒரு சின்ன டப்பாவில் இருந்தன. முடியின் தடிப்பில் கூரான ஊசிகள். ஒரு குத்துப் போதும். ஓட்டை கண்ணுக்குத் தெரியாது, காற்றுக்குத் தெரியும். எல்லாம் பொருந்திவிட்டது. அவருக்கு ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை பகல் சாப்பாடு முடிந்து நஜாத் கை கழுவிவிட்டு வந்தபோது கேட்டார்:

"மருமகன், ஒரு முந்தானை ஊசியால குத்தினா பையில எவ்வளவு ஓட்டை விழும்?"

"எந்தப் பையில?"

"நீங்க ஒட்டுற பையில."

நஜாத் துவாயால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கை காய்ந்து நேரமாகியும் துடைத்தான்.

"மாமா, நேரா கேளுங்க."

"மஸாஹிர் என்ன தாறதாச் சொன்னான்?"

அஸீஸா குசினி வாசலில் நின்றாள். "இஞ்சருங்க, போதும்" என்றாள்.

"போதாது. பத்தொன்பது வருசம் காவல் நிண்டவன் நான். என்ட வீட்டுக்குள்ளேயே..."

"மாமா, ரெண்டு வருசமா நான் ஒரு சாமானை எடுத்தா நீங்க அதைத் திரும்ப எடுத்துப் பாக்குறீங்க" என்றான் நஜாத். குரல் உயரவில்லை. "பொறுத்தன். நீங்க எல்லாருக்கும் அப்படித்தானெண்டு இவ சொன்னதால பொறுத்தன். இனி ஏலாது."

ஃபஸ்னாவுக்கு ஏழு மாதம். அஸர் தொழுகைக்கு முன்பே த்ரீவீலர் வாசலுக்கு வந்துவிட்டது. உடுப்புப் பெட்டியை நஜாத் ஏற்றினான். மிசினை எடுக்கவில்லை. ஃபஸ்னா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஊசி என்னோடது வாப்பா. அப்ப என்னையும் நினைச்சிருப்பீங்க."

இல்லை என்று சொல்ல ஜபாருக்கு ஒரு நொடி போதும். அந்த நொடியில் அவரால் சொல்ல முடியவில்லை. நினைத்திருந்தார். அவள் அதை முகத்தில் பார்த்துவிட்டாள்.

தலைப்பிள்ளைக்குத் தாய் வீட்டில் இருக்க வேண்டிய பெண். அஸீஸா அன்றைக்கு இரவுச் சாப்பாட்டை மேசையில் மூடி வைத்தாளே தவிர வாய் திறக்கவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். மகள் திரும்பி வரவேண்டுமென்றால் ஒரே வழிதான் இருக்கிறது என்று ஜபார் முடிவு செய்தார்: ஊசித் துளையை அவள் கண்ணுக்கு முன்னால் காட்டவேண்டும். கட்டினவன் எப்படிப்பட்டவன் என்று விளங்கினால் வந்துவிடுவாள்.

மூலையில் ஒதுக்கிய பதினொரு பையையும் ஞாயிறு காலையில் முற்றத்துக்குக் கொண்டுவந்தார். பேசினில் தண்ணீர் நிறைத்தார். சைக்கிள் ரியூப்பில் பஞ்சர் பார்க்கிறமாதிரி முதல் பையை அமிழ்த்தி, மெல்ல நெரித்தார்.

நூல்போல ஒரு குமிழிக் கோடு மேலே வந்தது.

"பாத்தியா" என்றார், யாரும் பக்கத்தில் இல்லாமலே.

குமிழி வந்த இடத்தில் சாக்குக்கட்டியால் புள்ளி வைக்கப் பார்த்தார், ஈரத்தில் பிடிக்கவில்லை. விரலையே அங்கே வைத்துக்கொண்டு பையை வெளியே எடுத்தார். விரலுக்குக் கீழே, பிளாஸ்டிக்குக்கு அந்தப்பக்கம், ஏதோ குத்தியது. விலா எலும்பின் வெட்டு முனை. வாட்டத்தில் காய்ந்து, சிப்பி உடைந்த மாதிரி கூர் எடுத்திருந்தது.

இரண்டாவது பை. குமிழி எலும்பு முனையில். மூன்றாவது. எலும்பு முனையில். நாலாவதில் இரண்டு இடத்தில் குமிழி வந்தது. அந்த எலும்புக்கு இரண்டு மூலை. ஜபார் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பையை வெயிலுக்குப் பிடித்தார். ஊசியால் வெளியேயிருந்து குத்தினால் விளிம்பு உள்ளே மடங்கியிருக்க வேண்டும். இது வெளியே மலர்ந்திருந்தது. நகத்தால் தடவினால் சொரசொரத்தது. உள்ளேயிருந்து வந்தது. மிசின் காற்றை உறிஞ்ச உறிஞ்சப் பை எலும்பைப்போய் அணைத்திருக்கிறது. முன்பு விலாவை வாளால் அறுத்துத் தந்த இறைச்சிக்காரர்கள், பெருநாளுக்குப் பிறகு கத்தியால் கொத்தித்தான் தந்தார்கள். கொத்தின எலும்பு சிராய் சிராயாகத்தான் உடையும்.

பதினொன்றையும் பார்த்து முடித்தார். பிறகு பேசினுக்குப் பக்கத்தில் அப்படியே குந்திக்கொண்டிருந்தார்.

அஸீஸா கொடியில் உடுப்புக் காயப்போட வந்தவள், வரிசையாகக் கிடந்த பைகளையும் புருஷனின் முகத்தையும் பார்த்தாள். ஒரு பையை எடுத்துத் தடவினாள். அவளுக்கும் விரலில் குத்தியது.

"எலும்பு வைக்கச் சொன்னது ஆர்?" என்றாள். இரண்டு நாளில் அவள் பேசிய முதல் கதை.

"மஸாஹிரோட கதைச்சது உண்மைதானே" என்றார் ஜபார்.

"போய்க் கேளுங்க. பாக்காதீங்க. கேளுங்க."

திங்கட்கிழமை கற்பிட்டி பஸ்ஸில் நிற்க இடமில்லை. தலவிலத் தேவாலயத் திருவிழாவுக்குப் போகிற சனம் பாயும் சட்டியும் பிள்ளைகளுமாக ஏறியிருந்தது. ஜபார் ஒரு பையைக் கடதாசியில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். தலவிலச் சந்தியில் பஸ் காலியானதும் ஒரு சீற்றில் உட்கார்ந்தார். சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். எந்தப் பக்கமிருந்து தொடங்கினாலும் அது குற்றச்சாட்டாகவே வந்தது.

நஜாத்தின் தாய் சாரா உம்மா கதவைத் திறந்தாள். முகம் கடுமையாகத்தான் இருந்தது. ஆனாலும் கதிரையை இழுத்துப் போட்டாள். "சம்பந்திக்குத் தேத்தண்ணி ஊத்து" என்று உள்ளே குரல் கொடுத்தாள். ஃபஸ்னா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். நஜாத் வலைக்கயிறு ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்தவன் அதை விடாமலே வந்தான்.

ஜபார் பையைப் பிரித்து மேசையில் வைத்தார். எலும்பு முனையைக் காட்டினார். "உள்ளேயிருந்துதான் குத்தியிருக்கு" என்றார். "நான் வெளியில பாத்துக்கொண்டு நிண்டன்."

நஜாத் பையைத் தொடவில்லை. "வேற என்னென்ன நினைச்சீங்க?"

"அதெல்லாம் என்னத்துக்கு?"

"சொல்லுங்க. இருந்தா இருந்துகொண்டே இருக்கும்."

ஜபார் சொன்னார். போன் கவிழ்த்து வைப்பது. ஃபஸ்னாவின் காப்பு ஒருநாள் காணாமல் போய்ப் பிறகு கிடைத்தது. சைக்கிள் பெல்லைக் கழற்றி வைத்தது. கட்டாரில் இன்னொரு கலியாணம் இருக்குமோ என்பது. அதற்கு ஃபஸ்னாவே சிரித்துவிட்டாள். சாரா உம்மா, "இவனுக்கு ஒண்டையே கட்டிவைக்க நான் பட்ட பாடு" என்றாள். கோதுமை மாவையும் சொன்னார். ஒவ்வொன்றும் வாயிலிருந்து வெளியே வரும்போது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. கடைசியில் மஸாஹிரைச் சொன்னார்.

நஜாத் கயிற்றைச் சுற்றுவதை நிறுத்தினான்.

"அது மட்டும் உண்மை மாமா."

கயிற்றை மேசையில் வைத்தான்.

"பையில நான் ஒண்டும் செய்யல்ல. ஆனா மஸாஹிர்ட கடைக்குப் பின்னால ஒரு அறை இருக்கு. பிள்ளை கிடைச்ச பிறகு அங்க நான் தனியாத் தொடங்கலாமெண்டு கேட்டிருந்தன். கறி, பொரியல், எல்லாம் பையில அடைச்சு விக்கலாம். உங்களிட்டச் சொல்லப் பயம். சொன்னா நீங்க பாப்பீங்க."

ஜபார் அவனைப் பார்த்தார். பார்க்கிறோம் என்று தெரிந்ததும் கண்ணை மேசைக்குத் திருப்பிக்கொண்டார். இரண்டு வருடச் சந்தேகத்தில் ஒன்று சரியாகியிருந்தது. அதில் சந்தோசப்பட ஒன்றுமில்லை. இந்தப் பையன் தன் வீட்டை விட்டுப் போகத்தான் போகிறான். இன்றைக்கோ பிள்ளை பிறந்த பிறகோ.

"அந்த அறைக்கு எழுத்து இருக்கா?" என்று கேட்டார்.

"ஒரு வருசத்துக்கு எழுதித் தாறன் எண்டவர்."

"தாறன் எண்டது எழுத்து இல்ல. தண்ணி போற கான் எங்க விழுது?"

"பின்னுக்கு."

"கரண்ட் மீட்டர் தனியா, அவன்ட கடையோட சேர்ந்ததா?"

"பாக்கல்ல."

"பாக்கல்ல" என்று ஜபார் திருப்பிச் சொன்னார். ஏலாமையோடு தலையை ஆட்டினார். "மிசின் ரெண்டு, ஃப்ரீசர் ஒண்டு ஓடுற இடம். அவன் சிரிச்சுக் கதைச்சா நீங்க நம்பிருவீங்க."

"வாப்பா" என்றாள் ஃபஸ்னா.

"நான் ஒண்டும் சொல்லல்ல. சனிக்கிழமை நீங்க ரெண்டு பேரும் உம்மாட்ட வாங்க, அவ சாப்பிடுறா இல்ல. வாற வழியில பாலாவியில இறங்குங்க, மருமகன். நான் சந்தியில நிப்பன். மஸாஹிரோட கதைக்கிறது நீங்க." ஜபார் ஆறிப்போன தேத்தண்ணியைக் கையில் எடுத்தார். "நான் சும்மா பக்கத்துல நிண்டு அவனைப் பாக்குறன்."