எஸ்தர் கேட்ட பூசணிக்காய்

ஊரில் காலரா வந்துபோன பிறகு நடந்த அறுப்புப் பண்டிகை அது. பசுமலை அருகே எங்கள் வேதக்கோயிலுக்குக் கூரை போட, காணிக்கையாக வந்த காய்கறிகளை ஏலம் விட்டார்கள். ஒரு பூசணிக்காயை எங்கள் சபையைச் சேர்ந்த எஸ்தர் எட்டணாவுக்குக் கேட்டாள். விலை ஏறினால் கோயிலுக்குத்தானே நல்லது என்று நான், "ஒரு ரூவா!" என்று கத்தினேன். அவள் தலைகுனிந்து போய்விட்டாள்; காய் எனக்கே வந்தது.

மறுநாள் எங்கள் சபைப் போதகர் ஐயர் சொன்னார்: "காலராவுல செத்துப்போன அவ மக நட்ட கொடியில காய்ச்ச முதல் காய்ப்பா அது. கோயிலுக்குப் படைச்சிட்டு, காசு கட்டித் திருப்பி எடுக்க நெனச்சிருக்கா."

அதற்குள் குழம்பு வைத்துச் சாப்பிட்டிருந்தோம். முறத்தில் கிடந்த விதைகளை அள்ளிக்கொண்டு ஓடினேன்.

"பரவால்லண்ணே, குடுங்க" என்று முந்தானையில் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த பண்டிகையில், அந்த விதையில் விளைந்த காயை அவள் ஏலம் கேட்டபோது நான் வாயே திறக்கவில்லை. என்றாலும், அது அந்தப் பிள்ளை நட்ட கொடி இல்லையே.