இடுப்பளவு தண்ணீர்

காய்ச்சல் பரவியிருந்த ஜவ்வாது மலை ஊர் ஒன்றுக்கு, பாப்டிஸ்ட் சபையின் மருந்துப் பெட்டியோடு போதகரும் நானும் நடந்தோம். ஒல்லியான மனிதர். எந்த ஓடையானாலும் கோலை ஊன்றி ஆழம் பார்த்த பிறகே கால் வைப்பார். அன்றும் பார்த்துத்தான் இறங்கினோம். பாதி வழியில் செந்நிற வெள்ளம் திடீரென்று ஏறியது. பயத்தில் அவர் தோளை இறுக்கிப் பிடித்தேன்.

"நீச்சல் தெரியும்ல, பாஸ்டர்? எத்தினி பேர தண்ணில முழுக்கி ஞானஸ்நானம் குடுத்திருக்கீங்க!"

"அதெல்லாம் இடுப்பளவு தண்ணிலதாங்க. அதுக்கு மேல நான் எறங்கனதே இல்ல."

தண்ணீர் எங்கள் மார்பைத் தொட்டிருந்தது.

எப்படியோ கரையேறினோம். தலைமேல் சுமந்த பெட்டியை இறக்கிவைத்துவிட்டு அவர் என் கையைப் பிடித்தார். "இன்னாங்க, இப்டி நடுங்குறீங்க?"

நடுங்கியது யார் கை என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.