நான்கு விரல் இடைவெளி

பாலம் நெருங்கியதும் ரெஜிஸ் கோக்கார் படகின் எஞ்சினைத் தணிப்பார். ஓட்டறையிலிருந்து தலையை நீட்டி, கூரைக்கு மேல் வலக்கையை உயர்த்தி, நான்கு விரல்களைப் படுக்கைவாட்டில் சேர்த்துக் காட்டுவார். படகின் கூரைக்கும் பாலத்தின் கல்வளைவுக்கும் நடுவே இருப்பது அவ்வளவுதான் என்று பொருள். பாலத்தின் மேல் யாராவது நின்றால் அவர்களுக்குக் காட்டுவார். யாரும் இல்லையென்றால் கரையில் மேயும் வெள்ளைப் பசுக்களுக்குக் காட்டுவார். பசுக்கள் பதினொரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றுகூட இதுவரை வியந்ததாகத் தெரியவில்லை.

"நாலு விரலு. மூணும் இல்ல, அஞ்சும் இல்ல" என்பார், பாலத்தடியில் இருக்கும் என் காபிக் கடைக்கு வந்து உட்கார்ந்ததும். "இந்தக் கால்வாய்ல எவனுக்கு இப்படிக் கை படியும், சொல்லு பாப்போம்?"

பாலத்தைக் கட்டியவன் செத்து இருநூறு வருடம் ஆகிறது. தண்ணீர் மட்டத்தைக் காப்பது அரசாங்கம். படகின் உயரத்தை முடிவு செய்தது தொழிற்சாலை. இதில் அவருடைய கைக்கு என்ன வேலை என்று நான் கேட்டதில்லை. தினமும் இரண்டு காபி குடிக்கும் வாடிக்கையாளர் அவர்.

தலையில் தங்க நங்கூரம் தைத்த தொப்பி. எங்கள் பர்கண்டி ஊரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க அரை நாள் கார் ஓட்ட வேண்டும், ஆனாலும் தொப்பி இறங்காது. காலில் வெள்ளைக் கித்தான் காலணி. சட்டைப் பையில் ஒரு குறிப்பேடு, அதில் நூலால் கட்டித் தொங்கும் பென்சில். அந்தக் குறிப்பேட்டுக்கு ஊரே பயப்படும். காரணம், ஓய்வு பெறும்வரை ரெஜிஸ் முப்பத்து நான்கு வருடம் கார் ஓட்டும் உரிமத்துக்குத் தேர்வு வைத்தவர். ஊரில் பாதிப்பேரை ஒரு தடவையும் மீதிப்பேரை இரண்டு தடவையும் தோற்கடித்தவர். படகுகளை ஏற்றி இறக்கும் மதகைத் திறந்து மூடும் ஃபாபியெனை மட்டும் மூன்று தடவை.

ஓய்வு பெற்ற பிறகும் கை அரிப்பு அடங்கவில்லை. கடந்துபோகும் படகுகளுக்கெல்லாம் மதிப்பெண் போடுவார். ஜெர்மன்காரன் படகு கரையில் இடித்தால் நாலு. ஆங்கிலேயன் மதகுக்குள் குறுக்காக நுழைந்தால் இரண்டு. தன் படகு மதகுச் சுவரில் உரசினால் அன்று காற்று சரியில்லை.

படகின் பெயர் 'சொலாஞ்'. மனைவியின் பெயர்தான். பெயர்க்காரி அதில் கால் வைத்துப் பதினொரு வருடம் ஆகிறது.

படகு வாங்கிய முதல் கோடையில், பாலத்தை அடுத்த இதே மதகில்தான் அது நடந்தது. இரண்டு கதவுக்கு நடுவே படகை நிறுத்தித் தண்ணீரைக் கீழே வடியவிடும்போது, கரையில் நிற்பவர் கயிற்றைக் கையில் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வேண்டும். சொலாஞ் அம்மாள் இரும்புக் கட்டையில் இறுக்கிக் கட்டிவிட்டார். தண்ணீர் இறங்கியது, படகு இறங்கவில்லை. ஒரு பக்கமாகக் கயிற்றில் தொங்கத் தொடங்கியது. ரெஜிஸ் "கயிறு! கயிறு!" என்று கத்திய கத்தலில் என் கடையிலிருந்த எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். ஃபாபியென் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். அத்தோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. மனிதர் குறிப்பேட்டை எடுத்து, ஏதோ எழுதி, தாளைக் கிழித்து, எங்கள் அத்தனை பேர் முன்னாலும் மனைவியிடம் கொடுத்தார்.

'கயிறு: தகுதியில்லை. மறுபடி முயலவும்.'

சொலாஞ் அம்மாள் அதைப் படித்தார். மடித்தார். படகிலிருந்த சீஸ் கூடையை எடுத்துக்கொண்டு கரையோரமாக வீட்டுக்கு நடந்தார். அன்று முதல் ரெஜிஸ் தனியாகத்தான் படகு ஓட்டுகிறார். மதியச் சாப்பாடு வீட்டில் நேரத்துக்குக் கிடைக்கிறது. பேச்சில் தோட்டம் வரும், மழை வரும், பிள்ளைகள் வருவார்கள். படகு மட்டும் வராது. இரண்டு இருக்கை உள்ள ஓட்டறையில் ஒன்றில் இன்றைக்கும் தொப்பிப் பெட்டியை வைத்திருக்கிறார், வேறு யாரும் உட்கார்ந்துவிடாமல்.

போன இலையுதிர் காலத்தில் படகின் உள்தரைக்கு வார்னிஷ் அடிக்க முடிவு செய்தார். பாலத்துக்கும் மதகுக்கும் அப்பால் மேல்கால்வாயில் உள்ள பட்டறைக்கு ஓட்டிப்போய், தண்ணீர்த் தொட்டி, இரும்பு அடுப்பு, அடித்தளத்தில் எடைக்காகப் போட்டிருந்த தளக்கற்கள் எல்லாவற்றையும் இறக்கி, வேனில் வீட்டுக்கு அனுப்பினார். மூன்று வாரம் முழங்காலில் நின்று ஐந்து பூச்சு அடித்தார். நவம்பர் முதல் சனிக்கிழமை, பளபளக்கும் காலிப் படகோடு வீடு திரும்பினார். அவசரமும் இருந்தது. திங்கட்கிழமை மேல்கால்வாயை வடித்துவிட்டுக் கரையைப் பழுது பார்ப்பார்கள். மார்ச் வரை தண்ணீர் கிடையாது. அங்கே மாட்டிக்கொண்டால் அந்தக் கிழட்டுப் படகு சேற்றில் சாய்ந்து வயிறு பிளந்துவிடும். அந்த வருடத்தின் கடைசி மதகுத் திறப்பும் அந்தச் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி வரைதான்.

பதினொன்றே காலுக்குப் பாலத்தை நெருங்கினார். எஞ்சினைத் தணித்தார். கையை உயர்த்தி நான்கு விரலைக் காட்டினார். விரல்கள் கல்லில் தேய்ந்தன.

ஒரு படகைக் காலி செய்தால் அது மேலே எழும் என்பது எங்கள் ஊர் வாத்துக்குக்கூடத் தெரியும். முப்பத்து நான்கு வருடம் பிறருடைய கவனக்குறைவை எழுதிவைத்தவருக்கு அன்றுதான் நினைவு வந்தது. பின்னால் எடுத்து, கரையில் கட்டிவிட்டு, என் கடைக்குள் ஓடி வந்தார். உள்ளே இரும்புக் குண்டு விளையாடும் சங்கத்தின் வருடக் கடைசி விருந்து. வெள்ளை ஒயினும் சீஸ் பலகாரமுமாகப் பதினெட்டுப் பேர் இருந்தார்கள்.

"எல்லாரும் கொஞ்சம் எடை தாங்க" என்றார், மூச்சு வாங்கியபடி. "ஆயிரத்து நானூறு கிலோ வேணும்."

"கல்லைப் போடுங்களேன்" என்றார் கசாப்புக் கடை அன்செல்ம்.

"வார்னிஷ்!"

"தண்ணி ஊத்துங்க."

"வார்னிஷ்னு சொல்றேன்ல!"

குறிப்பேட்டை எடுத்து ஒவ்வொருவராக எடை கேட்டார். பெண்களிடமும் கேட்டார், அந்த அளவுக்கு மனிதர் கலங்கியிருந்தார். எல்லோரும் பொய் சொன்னார்கள். வாழ்நாள் முழுக்கத் தராசோடு புழங்கிய அன்செல்ம் கூசாமல் "எண்பது" என்றார்.

"அது கிடக்கட்டும்" என்று அவரே தொடர்ந்தார். " எண்பத்தொன்பதாம் வருஷம் என்னைய ஃபெயில் ஆக்குனீங்களே, அன்னிக்கு நான் சிக்னல் போட்டேன். போட்டேன்னு இப்பச் சொல்லுங்க, ஏறுறேன்."

ரெஜிஸ் அவரைப் பார்த்தார். சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று முப்பத்தைந்து.

"போடல" என்றார்.

அன்செல்ம் ஒரு நிமிடம் முறைத்துவிட்டு எழுந்து, முதல் ஆளாகக் காலணியைக் கழற்றினார். அவரைத் தொடர்ந்து எல்லோரும் போனோம். உதவி செய்ய என்று சொன்னால் பொய். இதைப் பார்க்காமல் வீட்டுக்குப் போனால் குளிர்காலம் முழுக்கத் தூக்கம் வராது.

பத்தொன்பது பேர் காலுறையோடு வார்னிஷின் மேல் நின்றோம். என்னுடையதில் கட்டைவிரல் வெளியே தெரிந்தது. படகு மெல்ல இறங்கியது. கணக்குப்படி இறங்க வேண்டியதைவிட அதிகமாகவே இறங்கியது. யார் எவ்வளவு குறைத்துச் சொன்னார்கள் என்று யாரும் ஆராயவில்லை. ரெஜிஸ் பாலத்தடிக்கு நகர்த்திப் பார்த்தார். ஒரு நூல் அளவு இடித்தது. ஒரே ஒரு நூல்.

மதகிலிருந்து ஃபாபியென் குரல் கொடுத்தாள். "கேப்டன்! பன்னெண்டு அடிச்சா நான் சாப்பிடப் போயிருவேன். அப்புறம் மார்ச்சுலதான் பாக்கலாம்!"

"நீயும் வந்து ஏறேன்மா!"

"நான் ஏறுனா மதகை யாரு தொறப்பா? பசுவா?"

அப்போதுதான் சத்தம் கேட்டு, தோட்டத்து ரப்பர் பூட்ஸோடு, கையில் ஒரு முட்டைக்கோஸோடு சொலாஞ் அம்மாள் பாலத்தருகே வந்து நின்றார். ரெஜிஸ் தொப்பியைச் சரிசெய்தார். மறுபடி சரிசெய்தார்.

"ஒரு நூல்தான் கொறையுது, சொலாஞ்" என்றார்.

"தெரியுது."

"சேத்துல போனா இது பொழைக்காது."

"அதுவும் தெரியும்." சொலாஞ் அம்மாள் தன் பூட்ஸைப் பார்த்தார். கணுக்கால்வரை ஈர மண். "நான் இதைக் கழட்ட மாட்டேன்."

ஐந்து பூச்சு வார்னிஷை ரெஜிஸ் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது, அவருக்காக நான் வருந்திய முதல் தடவை அது.

"அப்படியே வா" என்றார். பிறகு, "முட்டைக்கோஸையும் எடுத்துட்டு வா" என்றார்.

அந்த அம்மாள் மண்ணை ஒவ்வொரு அடியாகப் பதித்தபடி நேரே ஓட்டறைக்குள் போனார். ரெஜிஸ் முந்திக்கொண்டு ஓடித் தொப்பிப் பெட்டியை இருக்கையிலிருந்து எடுத்தார். படகு நகர்ந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்தோம், அதனால் எடை கூடும் என்பதுபோல. கூரை கல்லைத் தொடாமல் போயிற்று. இடைவெளி எத்தனை விரல் என்று அன்று அவர் காட்டவில்லை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். முன்னால் மதகு. யாராவது கயிற்றோடு ஈரக் கல்லில் குதிக்க வேண்டும். படகில் காலணி போட்டிருந்தவர்கள் இரண்டே பேர். சொலாஞ் அம்மாள் ஏற்கெனவே சக்கரத்தில் கை வைத்திருந்தார்.

"நீ போ" என்றார். "கயிறு உன்னோடது."

ரெஜிஸ் போனார். சொலாஞ் அம்மாள் படகை மதகுக்குள் சுவரில் ஒட்டாமல், உரசாமல், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் கொண்டுபோய் நிறுத்தினார். அவருடைய புருஷனுக்குப் பதினொரு வருடத்தில் கைகூடாத காரியம் அது. அதைப் பார்த்து வாய்பிளந்து நின்ற ரெஜிஸ், தன்னை மறந்து கயிற்றை இரும்புக் கட்டையில் இறுக்கிக் கட்டிவிட்டார். ஃபாபியென் தண்ணீரை வடியவிட்டாள். தண்ணீர் இறங்கியது. படகு ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டது. காலுறைகள் வார்னிஷில் வழுக்கி, பத்தொன்பது பேரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தோம்.

"ரெஜிஸ்" என்றார் சொலாஞ் அம்மாள். கத்தவில்லை. "கயிறு."

அவர் பதறி அவிழ்த்தார். படகு தொப்பென்று நிமிர்ந்தது. யாரும் சிரிக்கவில்லை, அன்செல்ம்கூட. தேவாலயத்தில் பன்னிரண்டு அடித்தது. ஃபாபியென் சாப்பாட்டை மறந்து நின்றாள்.

ரெஜிஸ் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து, படகு அடிமட்டத்துக்கு இறங்கும்வரை நின்றார். பிறகு மதகின் விளிம்பில் மண்டியிட்டு, தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, வெற்றுத்தாளாகப் பார்த்துப் புரட்டி, பென்சிலோடு சேர்த்து, கை எட்டிய மட்டும் கீழே மனைவியிடம் நீட்டினார்.