பாலத்தோடு ஒட்டிக்கொண்ட தலைவி

கல்லூரியில் அவளுக்கு வழங்கிய பெயர் 'நானே'. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது வருகைப் பதிவுக்கு மட்டும் பயன்பட்டது. எந்த வேலையை யார் தொட்டாலும், "விடு, நானே பாத்துக்கறேன்" என்று பிடுங்கிக்கொள்வது அவள் பிறவிக் குணம்.

பிறவிக் குணம் என்பதற்குச் சாட்சி உண்டு. அப்பா வாடகைக் கார் ஓட்டுபவர். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "அப்பா, முன்னால லாரி", "அப்பா, இண்டிகேட்டர்" என்று ஓதிக்கொண்டே வருவாள். அந்தக் காரில் இருந்த ஒரே பிரேக்கை அப்பா காலாலும் மகள் வாயாலும் மிதித்தார்கள்.

"ஏம்மா, நீ ஓட்டறியா, நான் ஓட்டட்டுமா?"

"நீங்களே ஓட்டுங்கப்பா. நான் பாத்துக்கறேன்."

இப்பேர்ப்பட்டவள் கட்டடப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் ஒரு குழுவுக்குத் தலைவியானதில் அதிசயம் இல்லை. "யாரு லீடர்?" என்று மேடம் கேட்டு முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிட்டாள். ஜனநாயகம் அத்துடன் இனிதே நிறைவுற்றது.

ஐஸ் குச்சிகளாலும் பசையாலும் ஒரு பாலம் கட்ட வேண்டும். அதை இரண்டு மேஜைகளுக்கு நடுவே வைத்து, நடுவில் வாளியைத் தொங்கவிட்டு, அதில் ஒவ்வொரு செங்கல்லாக அடுக்குவார்கள். தாங்கினால் தேர்ச்சி. முறிந்தால் குழு மொத்தமும் அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடி அதே பாடம்.

அவள் படை இரண்டே பேர். ஒருத்தன் தூங்குமூஞ்சி, காரணம் சொல்லத் தேவையில்லை. இன்னொருத்தி பாலிஷ், நகத்துக்குத் தினம் ஒரு நிறம். தூங்குமூஞ்சி முதல் நாளே அவள் போட்ட பாலத்தின் வரைபடத்தைப் பார்த்து, "நடுவுல குறுக்கா ஒரு குச்சி வேணாமா?" என்று கேட்டான். "நீ தூங்கு, நானே பாத்துக்கறேன்" என்றாள். குச்சியை எடுத்த பாலிஷிடம், "இது லேபு. பியூட்டி பார்லர் இல்ல" என்றாள். இருவரும் மகா கீழ்ப்படிதலுடன் டீக்கடைக்குப் போனார்கள்.

ஒரே ஆளாகக் கட்டினால் பாலம் என்ன வேகத்தில் வளரும்? சோதனை நாள் காலையில் பக்கங்கள் நின்றன, மேலே கட்ட வேண்டியது பாதி பாக்கி. சாதாரணப் பசை காய நேரமில்லை. நொடியில் ஒட்டும் பசையை வாங்கி வந்து, நடு இணைப்பில் தாராளமாகவே ஊற்றி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

இணைப்பு பிரமாதமாக ஒட்டியது. அதோடு அவள் இரண்டு கட்டைவிரலும் ஒட்டின.

இழுத்தால் குச்சியும் வந்தது. இன்னும் இழுத்தால் பாலமே வரும். எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் இரண்டு கைகளும், பார்க்க மட்டுமே முடிந்த நிலையில் நின்றன. கண்ணில் நீர் முட்டியது. துடைக்கவும் கை இல்லை.

டீ குடித்து வந்த இருவரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"என்ன, பாலத்துக்குத் தூண் நீதானா?" என்றாள் பாலிஷ்.

"சிரிக்காத. மேடம் வர அரை மணி கூட இல்ல." பிறகு, பல்லைப் பிடுங்கும்போது வரும் குரலில் சொன்னாள்: "கொஞ்சம்… நீங்க பண்றீங்களா?"

பாலிஷ் பையிலிருந்து நகச்சாயம் அழிக்கும் திரவத்தை எடுத்தாள். பார்லர் என்று இகழப்பட்டவளின் பை.

"இரு," என்றான் தூங்குமூஞ்சி. கண் முழுதாகத் திறந்திருந்தது. அப்படி ஒரு காட்சியை அவள் அதுவரை கண்டதில்லை. "அத ஊத்தினா விரலோட சேந்து பாலத்து இணைப்பும் விட்டுடும். முதல்ல குறுக்குக் குச்சி வெச்சு ஒட்டுவோம். விரல கடைசியா எடுப்போம்."

"அதத்தான் நானும்…" என்று தொடங்கியவள் நிறுத்தினாள். அது பொய். "முதல் நாளே சொன்ன. நான்தான் கேக்கல. எங்க வெக்கணும்னு நீயே சொல்லு."

அடுத்து வந்தது அவள் வாழ்க்கையின் கொடுமையான நேரம். பாலிஷ் ஒரு குச்சியைக் கோணலாக வைத்தாள். "கொஞ்சம் இடது…" என்று தொண்டை வரை வந்ததை விழுங்கினாள். பாலிஷ் தலையைச் சாய்த்துப் பார்த்து, தானே நிமிர்த்தினாள். நகத்தில் கோடு பிசகாமல் சாயம் பூசும் கை அது. பசை சிந்தவில்லை.

மேலே பாக்கி இருந்ததையும் இருவரும் கட்டி முடித்து, கடைசியாகத் திரவம் விட்டு விரல்கள் விடுபட்டபோது மேடம் வாசலில் நின்றார்.

செங்கற்கள் ஏறின. பாலம் முனகியது. அடுத்ததை வைக்க அவள் கை தானாக நீண்டது. தோல் உரிந்த கட்டைவிரலைப் பார்த்து இழுத்துக்கொண்டு, "நீ வை" என்றாள். தூங்குமூஞ்சி கடைசிச் செங்கல்லை, உறங்கும் பிள்ளையைக் கிடத்துவது போல வைத்தான். அந்தக் கலையில் அவனுக்கு ஈடு யார்? குறுக்குக் குச்சி வளைந்தது; முறியவில்லை.

"பாஸ்," என்றார் மேடம். "நடுவுல அந்தக் குச்சி யாரோட யோசனை?"

"இவனோடது மேடம். ஒட்டினது இவ."

"நீ என்ன பண்ண?"

"பிடிச்சுக்கிட்டு இருந்தேன் மேடம்."

மாலையில் அப்பா காரில் அழைத்துப்போனார். வழியில் லாரி வந்தது, வளைவு வந்தது. பக்கத்து சீட்டிலிருந்து சத்தமே இல்லை. அப்பாவுக்குப் பயமாகிவிட்டது.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா? முன்னால லாரி போகுது, ஒண்ணும் சொல்லலயே?"

"உங்களுக்குத் தெரியாதாப்பா. நீங்க ஓட்டுங்க."

அப்பா மனம் குளிர்ந்து ஓரக்கண்ணால் பார்த்தார். மகளின் வாய் கம்மென்று மூடியிருந்தது. வலது கால் மட்டும், தன் பக்கம் இல்லாத பிரேக்கை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது.